தெருக்களை மறந்த தபாலக்கா

பதினோரு தெருக்கள், அறுநூற்றுச் சொச்சம் வாசல்கள். அத்தனையும் தபாலக்காவின் தலைக்குள் இருந்தன. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், எந்த மாடியில் மூன்றாவது படி ஆட்டம் காணும், எந்த வீட்டில் கடிதத்தை மாமியாரிடம் கொடுக்காமல் மருமகள் வரும்வரை நிற்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டு எண்ணைத் தப்பாக எழுதிய கடிதம்கூடச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும். பதினாறு வருடமாக அந்தப் பக்கத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. எழுபது வயதுக்காரர்களுக்கும் அவள் அக்காதான்.

நான்காவது தெருக் கோடியில் சலூன் வைத்திருந்தவர் அவள் கணவர். அங்கே கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியும் அவரை எல்லோரும் 'தபாலக்கா வீட்டுக்காரர்' என்றுதான் சொன்னார்கள்.

"கத்தியும் கத்தரியும் வெச்சிருக்கறது நான். பேரு மட்டும் உனக்கா?" என்று கேட்பார்.

"நீங்க நின்ன இடத்துலயே நிக்கறீங்க. நான் நடக்கறேன். பேரும் கூடவே நடந்துடுச்சு" என்பாள்.

நாமாவது அவரைச் சலூன்காரர் என்று சொல்வோம்.

அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவலி அவருடைய தொழிலுக்குள் அடங்கிய விஷயம். முடி வெட்டி முடித்ததும் இரண்டு கட்டைவிரலாலும் நெற்றிப்பொட்டை அழுத்தி, பிடரியில் இறங்கி, காதுக்குப் பின்னால் சுழற்றி விடுவார். அதற்காகவே வருகிற வாடிக்கையாளர்கள் உண்டு. முதல் வாரம் தினமும் சாயங்காலம் மனைவிக்கும் அப்படித்தான் பிடித்துவிட்டார். கை வைத்தால் உடம்பு லேசாகச் சுட்டது.

"கேட்குதா?"

"உங்க கைக்குக் கேட்கற வலி இல்லைங்க இது. உள்ளேர்ந்து யாரோ தள்ற மாதிரி இருக்கு."

வெயிலில் நடப்பதால் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கண்ணில் கோளாறு என்றார் கண்ணாடிக் கடைக்காரர், கண்ணாடியும் வந்தது. தெருமுனை டாக்டர் மூக்கடைப்பு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரம் இப்படியே போனது. இதற்கிடையில் தபாலக்கா மெல்ல மெல்ல வேறு ஆளாகிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மூடாதவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தட்டில் போட்டதைப் பாதியில் விட்டு எழுந்தாள். கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள், "அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம்?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் முற்பகல் போஸ்ட்மாஸ்டர் சலூனுக்கு வந்தார். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். நாற்காலியில் உட்காராமல், கையில் இருந்த கடிதக் கட்டைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்.

"இது ஏழாவது தெருக் கட்டு. மொத்தத்தையும் ரெண்டாவது தெருவுல ஒரே வீட்டுக் கதவிடுக்குல சொருகிட்டு வந்திருக்காங்க. அந்த வீட்டம்மா கொண்டுவந்து குடுத்தாங்க. இந்த வாரத்துல இது மூணாவது தடவை."

சலூன்காரர் கட்டை எடுத்து முகவரிகளைப் புரட்டிப் பார்த்தார்.

போஸ்ட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. நடக்கும்போது தள்ளாடறாங்கன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. வீட்டுல ஏதாவது... குடிக்கற பழக்கம்..."

"என் மனைவியா?"

"நான் கேட்டுத்தானே ஆகணும்."

அவர் போன பிறகு சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். அவமானம் அவர் உடம்பெல்லாம் எரிந்தது. தபாலக்கா சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் கத்தினார். பதினாறு வருடப் பெயரை ஒரே வாரத்தில் குட்டிச்சுவராக்கிவிட்டாய் என்றார். புத்தி எங்கே மேயப் போயிருக்கிறது என்று கேட்டார். அவள் முகத்தைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ரெண்டு பேரா நின்னு திட்டறீங்க?" என்றாள்.

கிண்டல் என்று நினைத்தார். கிண்டல் இல்லை. அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. அப்புறம் அவள் எழுந்து, வாசல் எது என்று தெரியாமல் அலமாரிக் கதவைத் திறந்து, அதற்குள் வாந்தி எடுத்தாள்.

அந்தக் கத்தலை அவர் பிறகு எத்தனையோ தடவை திரும்பக் கேட்டிருக்கிறார், தனக்குள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தபாலக்காவின் தலைக்கடியில் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். கழுத்து மடங்கவில்லை, பலகை மாதிரி தோளும் சேர்ந்து எழுந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியதைச் சலூன்காரர் கவனித்தார். நாள் முழுதும் கண்ணாடியில் முகங்களைப் பார்க்கிறவர் அவர். சத்தமில்லாமல் மாறுகிற முகம் அவருக்குத் தெரியும்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தலையைப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டரம்மா அவரையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"மூளைக்காய்ச்சல். டி.பி. கிருமியால வந்ததுன்னு நினைக்கிறோம்."

"டி.பி.யா? அவளுக்கு இருமலே இல்லையே டாக்டர்."

"டி.பி. நுரையீரல்ல மட்டும் தங்கறதில்லைங்க. எப்பவோ உடம்புக்குள்ள வந்து சத்தம் போடாம இருந்திருக்கும். இப்ப மூளையைச் சுத்தி இருக்கற உறையில வந்து உட்கார்ந்துடுச்சு. முதுகுல எடுத்த நீர்ல சர்க்கரை குறைஞ்சிருக்கு, புரதம் ஏறியிருக்கு. கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் காத்திருந்தா ஆள் இருக்க மாட்டாங்க. மருந்தை இன்னிக்கே ஆரம்பிக்கறோம். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டும் சேர்த்து."

"பிழைச்சுடுவாளா?"

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "மறைக்காம சொல்லிடறேன். இந்த நோயில எல்லாரும் பிழைக்கறதில்லை. பிழைக்கறவங்களும் எல்லாரும் பழையபடி ஆகறதில்லை. இன்னும் பத்து நாள் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பத்து நாள் கழிச்சு வராம இருந்தீங்களே, அதுவும் நல்லதுதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த சில நாட்களைக் கடத்தினார்.

வார்டில் அடுத்த கட்டிலில் அதே நோயோடு ஒரு பெண் இருந்தாள். சின்ன வயது, கல்யாணமாகி ஒரு வருடம். அவளுடைய அம்மா எந்நேரமும் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் கண்ணைத் திறக்கவேயில்லை. நான்காம் நாள் காலையில் சலூன்காரர் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அம்மாக்காரிக்கென்று வாங்கிய இரண்டாவது டீ கையிலேயே ஆறிப்போனது.

ஆறாம் நாள் தபாலக்காவும் தூக்கத்தில் அமிழத் தொடங்கினாள். கிள்ளினால் முனகினாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. மறுபடி தலைப்படம் எடுத்தார்கள். மூளைக்குள் ஊறுகிற நீர் வெளியேறும் வழி அடைத்துக்கொண்டு உள்ளேயே தேங்கி, மூளையை நாலாபக்கமும் நெருக்குகிறது என்றார்கள். மண்டையில் சின்னதாகத் துளை போட்டு, தோலுக்கடியிலேயே காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு என்று ஒரு மெல்லிய குழாயை இறக்கி வயிற்றுக்குள் விட வேண்டும். நீர் அங்கே வடிந்துவிடும். மத்தியானம் ஆபரேஷன்.

அவர் கையெழுத்துப் போட்டார். தலையை மழிக்க வேண்டும் என்றாள் நர்ஸ். அதற்கென்று இருந்த ஆள் அன்றைக்கு லீவு. நர்ஸே ஒரு ரேசரை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் சலூன்காரருக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அந்த ரேசர் கோழி இறகுக்குக்கூட ஆகாது. கீறிடும். இது என் தொழில். நான் பண்றேனே."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புது பிளேடு நான்தான் குடுப்பேன். கையை நான் சொல்றபடி கழுவணும். கை நடுங்காதே?"

"நடுங்காது."

மகளுக்குப் போன் செய்து கடையைத் திறந்து கத்தி, கத்தரி இருக்கிற பையை எடுத்துவரச் சொன்னார். அவள் ஆட்டோவில் பறந்து வந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் தபாலக்கா ஒரு தடவைகூடத் தன் தலையை அவரிடம் கொடுத்ததில்லை. "உங்களுக்கு ஆம்பளைக் கிராப்புதான் தெரியும், கிட்ட வராதீங்க" என்பாள். இடுப்பு வரை தொங்குகிற முடி. அதை முதலில் இறுக்கிப் பின்னி, பின்னலை அடியோடு வெட்டி மகளிடம் கொடுத்தார். மகள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கத்தி. நெற்றியிலிருந்து உச்சி, உச்சியிலிருந்து பிடரி. ஆயிரக்கணக்கான தலைகளைத் தொட்ட கைக்கு இந்தத் தலை புதிது. வலது காதுக்கு மேலே விரல் அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு இருந்தது. எப்போது பட்டது, எங்கே விழுந்தாள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் தெரியாது. இதைக் கேட்பதற்காகவாவது அவள் எழுந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு கீறல்கூட விழவில்லை. நர்ஸ் பஞ்சால் துடைத்துப் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டர் கேட்டா யார் பண்ணதுன்னு சொல்ல மாட்டேன். உங்களை இங்கேயே வேலைக்கு வெச்சுக்குவார்" என்றாள். ஆறு நாளில் அன்றுதான் அவர் சிரித்தார். சிரித்துவிட்டு நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். மகள் போனில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள், அம்மா தேறிவிட்டாள் என்று. ஆனால் அந்த நோய் அப்படி ஒரேயடியாக விடைபெற்றுப் போகிற ரகம் இல்லை. ரத்தத்தில் உப்பு இறங்கியது. அதைச் சரிசெய்வதற்குள் ஒரு வலிப்பு வந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் காலை அவளுடைய இடது கை எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூளைக்கு அடியில் இருக்கிற வீக்கத்துக்குள்தான் ரத்தக்குழாய்களும் போகின்றன, அதில் ஒன்று சுருங்கி அடைத்துவிட்டது, மூளையின் வலது பக்கத்தில் ஓர் இடம் பட்டுப்போயிருக்கிறது என்றாள் டாக்டரம்மா.

"மருந்து வேலை செய்யலையா?"

"செய்யுது. கிருமி சாகுது. கிருமியை எதிர்த்து உடம்பு போடற சண்டை இருக்கே, அதுல சேதம் ஆகுது. மருந்தை மட்டும் ஒருநாளும் நிறுத்திடக் கூடாது. ஒரு வருஷம்."

ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் குழாய் ஒரு நரம்பு மாதிரி தடவினால் தெரியும். இடது காலை இழுத்து நடந்தாள். மாத்திரையின் காரணமாகச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தும், முதல் தடவை வீட்டில் பார்த்துவிட்டு, "ஏங்க, நான் துருப்பிடிச்சுட்டேன்!" என்று கத்தினாள். அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அத்தோடு சரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி என்ன என்று கேட்டாள். டம்ளர் கை தவறினால் குழந்தை மாதிரி அழுதாள். மறுநிமிடம் டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தாள். மகள் ஒருநாள் சமையலறையில் அப்பாவிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, இது அம்மா இல்லப்பா."

அப்படிச் சொல்லாதே என்று அதட்டத்தான் வாயெடுத்தார். ஆனால், "எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கும்மா" என்றுதான் வந்தது. "ஆனா அவளுக்கு நாம அப்படி இல்ல. நம்மளைப் பார்த்தா நாமதான்னு தெரியுது. அதை வெச்சுக்கிட்டுப் போவோம்."

மகள் அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி வெங்காயத்தை நறுக்கினாள். அவர் நறுக்கியது பாதிக்குப் பாதி தோலோடு இருந்தது.

வெளியே வேறு தொல்லை. 'டி.பி. வீடு' என்று பேச்சு பரவிவிட்டது. மூளையில் வந்தது அப்படித் தொற்றாது, இருமலோடு நுரையீரலில் வருவதுதான் தொற்றும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இருந்தாலும் அப்பாவுக்கும் மகளுக்கும் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. அதையெல்லாம் தெருவுக்கு யார் சொல்வது? சலூன் நாற்காலி காற்று வாங்கியது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடையைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைக் கண்ணாடியிலேயே பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு நிறைய ஆள் நடமாடும் நேரத்தில், போஸ்ட்மாஸ்டர் கடைக்கு வந்தார். இந்தத் தடவை நேராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஷேவிங். கதவைத் திறந்தே வைங்க."

சலூன்காரர் நுரையைத் தடவினார். கத்தி தாடைக்கு வந்தபோது போஸ்ட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நான் கேட்டது... உடம்பு சரியில்லையான்னுதான் முதல்ல கேட்டிருக்கணும்."

"நானே அதைக் கேட்கலையே சார்" என்றார் சலூன்காரர். "நீங்க குரலைத் தாழ்த்திக் கேட்டீங்க. நான் கத்தினேன்."

அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் கூட.

ஐந்தாம் மாதம் தபாலக்காவுக்கு நடை ஓரளவு திரும்பியது. ஒன்று இரண்டாகத் தெரிவதும் நின்றது. மணி கேட்பது குறைந்தது. ஆனால் விசித்திரமான ஒன்று மிஞ்சியிருந்தது. மூன்றாவது தெருவில் யார் யார் என்று கேட்டால் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக ஒப்பிப்பாள்: தையல்காரர், ரயில்வே ஓய்வு, மூடின வீடு, இரட்டைக் குழந்தை வீடு. வாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலுக்குத் தெரியவில்லை. வீட்டைவிட்டு இறங்கி முதல் திருப்பத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று புரியாது. மூளையின் வலது பக்கத்தில் பட்டுப்போன இடம் அதுதான் என்றாள் டாக்டரம்மா. வழி கண்டுபிடிக்கிற இடம்.

அதை அவள் நம்பவில்லை. ஒருநாள் கணவர் கடையிலும் மகள் கல்லூரியிலும் இருந்த நேரத்தில் சீருடையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து, இரட்டைக் குழந்தைகளின் அம்மா அவளைக் கையைப் பிடித்துச் சலூனுக்குக் கூட்டிவந்தாள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாளாம். யாரிடமும் வழி கேட்கவில்லையாம்.

"கேட்டிருக்கலாமே" என்றார்.

"தபாலக்கா வழி கேட்டாள்னு ஊர் பூரா சிரிக்கவா?" என்றவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முடி இரண்டு விரல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. குழாய் போட்ட இடத்தில் மட்டும் வளரவில்லை. "என்னைக் காப்பாத்தினீங்களே, முழுசாக் காப்பாத்தியிருக்கக் கூடாதா?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். கட்டைவிரல்களை அவள் நெற்றிப்பொட்டில் வைத்து மெல்ல அழுத்தினார், குழாயைத் தொடாமல். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்தத் தழும்பு?" என்று தடவிப் பார்த்தாள். "அதுவா... பள்ளிக்கூடத்துல மரத்துலேர்ந்து விழுந்தேன். உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"இல்லையே."

"நீங்க கேட்டதில்லை" என்றாள். பழைய குரல் அதில் எட்டிப்பார்த்தது.

ஏழாம் மாதத்திலிருந்து தபாலாபீஸில் அவளுக்கு அரை நாள் உட்கார்ந்த வேலை கிடைத்தது. முகவரி சரியில்லாத கடிதங்களை அவள் முன் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், எந்தத் தெரு, எத்தனையாவது கதவு என்று. மெதுவாகத்தான் செய்வாள். பக்கத்து மேசைக்காரர் முணுமுணுப்பதும் அவள் காதில் விழும். பதிலுக்கு அவளும் முணுமுணுத்துக்கொள்வாள்.

வருடம் முடிந்தது. மறுபடி தலைப்படம், மறுபடி பரிசோதனை. டாக்டரம்மா டி.பி. மாத்திரையை நிறுத்தினாள், வலிப்பு மாத்திரை இன்னும் தொடர வேண்டும் என்றாள். குழாய் இருக்கும். தலைவலி, வாந்தி வந்தால் அன்றைக்கே வர வேண்டும். இடது கை இன்னும் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம்.

"தெருவெல்லாம் திரும்ப வருமா டாக்டர்?" என்று தபாலக்கா கேட்டாள்.

"பழைய வழியா வருமான்னு எனக்குத் தெரியலைம்மா. புதுசா ஒண்ணொண்ணா கத்துக்கலாம். குழந்தை கத்துக்கற மாதிரி."

"எனக்குப் பதினோரு தெரு இருந்துச்சு."

"ஒண்ணுல ஆரம்பிங்க."

மகள்தான் அதைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரி விட்டு வந்ததும் தினமும் அம்மாவை நான்காவது தெருவில் கூட்டிப் போனாள். போகும்போது வலப்பக்க வீடுகள், வரும்போது இடப்பக்க வீடுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அங்கே கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றை அம்மாவையே சொல்ல வைத்தாள்: உடைந்த மீட்டர் பெட்டி, பச்சைத் தொட்டி, மாவு மில்லின் சத்தம். அதற்கு மூன்று மாதம் பிடித்தது. முதல் ஒரு மாதம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வீடு திரும்பினார்கள். அப்புறம் பேசிக்கொண்டே திரும்பினார்கள். மகள் அதற்குப் பிறகு, இது அம்மா இல்லை என்று சொல்லவில்லை. பழைய அம்மா வந்துவிட்டாள் என்றும் சொல்லவில்லை.

போஸ்ட்மாஸ்டர் நான்காவது தெருவை மட்டும் அவளுக்கு ஒதுக்கினார். நாற்பத்தெட்டு வாசல். மற்ற பத்துத் தெருக்களுக்கும் புதிதாக ஓர் ஆள் வந்தாயிற்று. அந்தத் தெருக்கள் அவளுக்குத் திரும்ப வரவில்லை, இன்றுவரை.

முதல் நாள் அவள் கிளம்பியபோது சலூன்காரர் கடை வாசலுக்கு வரவில்லை. வந்து நின்றால் கோபித்துக்கொள்வாள். ஒருவருக்கு முடி வெட்டுகிற சாக்கில் கண்ணாடியைத் தெருப்பக்கம் லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டார். அரைமணியில் முடிகிற தெருவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கண்ணாடியில் அவள் தெரிவாள், மறைவாள், மறுபடி தெரிவாள். ஓரிடத்தில் அசையாமல் நின்றாள். அவருடைய கத்தரியும் நின்றது.

"என்னப்பா, ஒரு பக்கத்தோட விட்டுட்டே?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

தெருவில் தபாலக்கா திரும்பி, மாவு மில் பக்கமாகக் காதைக் கொடுத்துவிட்டு, வலது பக்கம் நடந்தாள். கடைசியில் சலூன் வாசலுக்கு வந்து, பையிலிருந்து ஒரு பதிவுத் தபாலை எடுத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"நான்தானேம்மா. உள்ள வெச்சுட்டுப் போயேன்."

"யாரா இருந்தாலும் கையெழுத்து வேணும். சீக்கிரம். எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."

அவர் கத்தரியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முடி ஒட்டிய கையோடு கையெழுத்துப் போட்டார். அவள் தாளை ஊதித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி அடுத்த வாசலுக்குப் போனாள்.